கல்மண்டபத்துக்கு எதற்குக் கணினிச் சங்கம்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் எங்களைத் தேடிக்கொண்டு கல்மண்டபம் வரை வந்திருந்தார். ராயபுரத்தில் பிறந்தவர், இப்பொழுது பழைய மகாபலிபுரம் சாலையில் பெரிய பதவியில் இருக்கிறார். நல்ல மனிதர், கொடுக்கும் மனமும் உள்ளவர். மாடிப்படி ஏறி வந்து எங்கள் அறையைப் பார்த்தார். நான்கு பழைய மேசைக் கணினிகள், இரண்டு நீளப் பலகைகள், சுவரில் சாய்த்து வைத்த கேரம் பலகை, மடிக்கணினிகளைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருக்கும் பதினைந்து பேர். ஒரு கணினிக்கு இருவராக அமர்ந்து உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டு நண்பர் சொன்னதன் சாரம் இதுதான்: 'இந்த இரைச்சலை நிறுத்துங்கள். புதிய கணினிகள் பத்து வாங்கித் தருகிறேன், குளிர்பதனம் போட்டுத் தருகிறேன். மூன்று மாதப் பயிற்சி, முடிவில் சான்றிதழ் என்று முறையாக நடத்துங்கள். இந்தக் காலத்தில் யார் சங்கம் வைத்துக் கணினி கற்கிறார்கள்? யூடியூப் இருக்கிறது, செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, எதைக் கேட்டாலும் சொல்கிறது.'

வேண்டாம் என்றோம். அவருக்கு வருத்தம். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று படிக்கட்டில் நின்று சொல்ல இயலாதவற்றை இங்கே எழுதுகிறோம். அவர் படிப்பார் என்று தெரியும். அவரைப் போலவே எண்ணும் பலரும் படிப்பார்கள் என்பதால்தான் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறோம்.

முதலில், அவர் இரைச்சல் என்று சொன்னது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

அன்று அந்த மூலையில் அமர்ந்திருந்த பெண்மணி தையல் வேலை செய்பவர். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினியை எடுத்து வந்திருந்தார். கணினி ஓடுகிறது, இணையமும் வருகிறது. ஆனால் கல்வி உதவித்தொகைத் தளம் மட்டும் திறக்கவில்லை, 'இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று' என்று வருகிறது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் மதர்போர்டு போய்விட்டது, ஆறாயிரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது பக்கத்தில் அமர்ந்தவன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன். அவன் கணினியைத் தொடவில்லை. 'அக்கா, கீழ வலது பக்கம் தேதி என்ன போட்டிருக்கு, படிங்க' என்றான். பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. உள்ளே இருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனால் கணினி தன் காலத்தை மறந்துவிடும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கடிகாரம் அந்த எல்லைக்கு வெளியே நின்றால், இன்று வழங்கப்பட்ட சான்று அதற்கு இன்னும் பிறக்காத சான்றுதான். ஆகவே எல்லாவற்றையும் சந்தேகிக்கிறது. முப்பது நாற்பது ரூபாய் மின்கலம். பின்மூடியைத் திருகி எடுத்ததும் அந்த அம்மாதான், மாற்றியதும் அவர்தான். பக்கத்துப் பலகையில் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள், ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். அதுதான் இரைச்சல்.

இதை யூடியூபில் தேடியிருக்கலாமே என்று கேட்கலாம். எந்தச் சொல்லை இட்டுத் தேடுவார் என்பதே எங்கள் கேள்வி. அவருக்குத் தெரிந்த செய்தி 'தளம் திறக்கவில்லை' என்பது. விடை இருக்கும் இடமோ கடிகாரம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடக்க ஒருவர் பக்கத்தில் அமர வேண்டும். செயற்கை நுண்ணறிவு நல்ல விடை தரும், மறுக்கவில்லை, நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவருக்கே அது நல்ல விடை தருகிறது. கேள்வி கேட்கக் கூச்சப்படுபவருக்கு, 'தப்பா எதையாவது அமுக்கிட்டேனோ' என்று அஞ்சுபவருக்கு, அதனிடம் பேசவே வாய் வருவதில்லை. மேலும், கருகிய மின்தேக்கியின் வாடை அதற்குத் தெரியாது. கடற்காற்றில் உப்பேறிப் பச்சை பூத்த நினைவகச் செருகியை அழிப்பானால் தேய்த்துத் துடைக்க அதற்குக் கை கிடையாது. எங்கள் வட்டாரத்தில் அது அன்றாட வேலை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவதை 2011இல் உயர் நீதிமன்றம் நிறுத்திய பிறகு கரித்தூள் குறைந்தது என்பது உண்மை. கன்டெய்னர் லாரிகளின் புழுதி குறையவில்லை. மின்விசிறியைக் கழற்றினால் தெரியும்.

நிற்க. சங்கம் வைத்து யார் கற்கிறார்கள் என்று நண்பர் கேட்டாரே, அதற்கு வருவோம். வடசென்னையில் பிறந்த ஒருவர் இப்படிக் கேட்கலாமா?

வியாசர்பாடி இளவழகி 2008இல் உலகக் கேரம் பட்டம் வென்றார். மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைக்காரர். தந்தை ஆட்டோ ஓட்டுநர். இவர்களை எந்தச் சான்றிதழ்ப் பயிற்சி உருவாக்கியது? தெருவுக்குத் தெரு ஒரு கேரம் கிளப், தொங்கும் ஒரு விளக்கு, அதனடியில் ஒரு பலகை. பெரியவர் ஆடச் சிறியவர் பார்ப்பார். பிறகு சிறியவர் ஆடப் பெரியவர் திட்டுவார். குத்துச்சண்டையும் இங்கு அப்படித்தான் வளர்ந்தது. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று வாத்தியார் வழி வந்த கலை அது. 'பரம்பரை' என்ற சொல்லைச் சாதிக்கும் குருதிக்கும் விட்டுக்கொடுக்காமல், கற்பித்தலின் சங்கிலிக்குச் சூட்டிய ஊர் இது. தேநீர்க் கடையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டுத் தர்க்கம் செய்த ஊர். இங்கே கணினியை மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனி அறையில், காதில் கருவி மாட்டிக்கொண்டு, எவரோ ஒருவரின் காணொளியைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று யார் விதித்தது?

கருவியைக் கொடுத்தால் போதும், மனிதர்கள் தாமாகக் கற்பார்கள் என்ற எண்ணம் புதிதன்று. 1999இல் தில்லி கால்காஜியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் துளையிட்டுக் கணினியைப் பொருத்தினார். குடிசைப் பகுதிக் குழந்தைகள் யாரும் சொல்லித் தராமலே இயக்கக் கற்றார்கள் என்றார். உலகம் வியந்தது. 2013இல் டெட் அமைப்பு அவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசும் கொடுத்தது. குழந்தைகளின் ஆர்வத்தை அவர் மிகைப்படுத்தவில்லை, அது உண்மை. ஆனால் அந்தச் சுவர்கள் பின்னர் என்னவாயின என்று போய்ப் பார்த்தவர்களும் உண்டு. பாயல் அரோரா உத்தராகண்டத்தின் அல்மோராவிலும் ஹவால்பாகிலும் பார்த்ததை 2010இல் எழுதினார். கணினிகள் கைவிடப்பட்டுக் கிடந்தன. ஊரில் பலருக்கு அப்படி ஒன்று இருந்த நினைவுகூட மங்கியிருந்தது. பழுதானபோது கேட்க ஆளில்லை, பொறுப்பேற்க ஆளில்லை. சுவர் மட்டும் இருந்தது.

தமிழ்நாட்டில் நாம் செய்ததும் இதன் பெருங்கணக்குதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. திட்டத்தைப் பழிப்பவர்கள் கூட்டத்தில் நாங்கள் இல்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் முதன்முதலாக ஒரு கணினி வீட்டுக்குள் நுழைந்தது அதனால்தான். ஆனால் தொடக்கத்தில் அவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது, அது சென்னை சி-டாக்கில் உருவானது என்ற செய்தி, பெற்ற மாணவரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இயக்கும்போது இரண்டு பெயர் தோன்றும், ஒன்றைத் தொடாதே என்று யாரோ சொன்னார்கள், தொடவில்லை. கற்றுத்தரும் கையைச் சேர்க்காமல் இலட்சக்கணக்கில் பெட்டிகளைக் கொடுத்தோம். 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை கல்லூரி மாணவர் இருபது இலட்சம் பேருக்கு இரண்டாண்டில் கணினி என்று அறிவித்தபோதும் நாங்கள் தேடியது அந்தக் கையைத்தான்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே பாடம். அதோடு நிற்காமல், 2018இல் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் கணினிச் சங்கங்களை அமைத்தார்கள். பழுது பார்ப்பதும், பிற மாணவருக்கும் பெற்றோருக்கும் சொல்லித் தருவதும் அந்தப் பிள்ளைகளின் வேலை. ஓர் அரசே சங்கத்தின் அருமையை உணர்ந்திருக்கிறது. நமக்கோ கட்டடம் கட்டினால் போதும். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் போய்ப் பார்த்தோம். தூய்மையான இடம், நல்ல நாற்காலி, நல்ல இணைய இணைப்பு, குறைந்த கட்டணம். மகிழ்ச்சி. ஆனால் அங்கு விதி அமைதி. தேர்வுக்குப் படிப்பவருக்கு அதுதான் வேண்டும். தேதி மறந்துபோன மடிக்கணினியை மடியில் வைத்திருக்கும் தையற்காரப் பெண்மணி அங்கே யாரிடம் வாய் திறப்பார்?

நண்பர் பணிபுரியும் துறையே ஒரு சங்கத்தின் இரைச்சலில் பிறந்தது என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கோர்டன் பிரெஞ்ச் என்பவரின் வண்டிக் கொட்டகையில் முப்பது பேர் அளவில் கூடினார்கள். ஹோம்பிரூ கணினிச் சங்கம். ஆல்டேர் 8800 என்ற பெட்டியைச் சுற்றி அமர்ந்து, 'என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் என்ன இருக்கிறது' என்று கேட்டுக்கொண்டார்கள். பின்னர் கூட்டம் பெருகியபோது லீ ஃபெல்சன்ஸ்டைன் நடத்திய முறை எங்களுக்கு மிகவும் பிடிக்கும். முதல் பாதியில் ஒவ்வொருவரும் எழுந்து தமக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மறுபாதியில் அவரவர் தமக்கு வேண்டியவரைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். ஆப்பிள் முதல் கணினியின் மின்சுற்று வரைபடத்தை ஸ்டீவ் வாஸ்னியாக் அந்தச் சங்கத்தில் இலவசமாகவே பகிர்ந்தார். அவர் நண்பர் ஜாப்ஸ்தான் விற்கலாமே என்றார். மிச்சம் உலகறிந்தது.

அதே சங்கத்தவர் போன்றவர்களை நோக்கித்தான் 1976 பிப்ரவரியில் இருபது வயது பில் கேட்ஸ் தம் புகழ்பெற்ற திறந்த மடலை எழுதினார். தம் பேசிக் மென்பொருளைக் காசு கொடாமல் நகலெடுக்கிறீர்கள் என்று சினந்தார். (அவர் சினத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம், உழைப்புக்குக் கூலி கேட்பதை வடசென்னையில் இருந்துகொண்டு யாரும் பழிக்க முடியாது.) ஆனால் நகலெடுப்பதற்கும் பகிர்வதற்கும் வேறுபாடு உண்டு. எங்கள் அறையில் திருட்டு மென்பொருள் நிறுவித்தர மாட்டோம் என்பது முதல்நாள் முதல் விதி. இதனால் சிலர் கோபித்துக்கொண்டு போனதுண்டு. பகிர்வதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் எதற்காகத் திருட வேண்டும்?

அதையும் தமிழ்நாட்டில் பலர் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில், கஜேந்திரா வட்டத்தருகே வான்வெளிப் பொறியியல் துறை வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கூடினார்கள். எங்களில் இருவர் கணினியில் கற்றதெல்லாம் அந்த வகுப்பறையில்தான். நன்றி மறக்கவில்லை. ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். கல்மண்டபத்திலிருந்து பேருந்து மாறி அடையாறு போய்ச் சேர்வதற்குள் பாதிக் கூட்டம் முடிந்திருக்கும். இந்நகரில் அறிவு எப்போதும் கூவத்துக்குத் தெற்கே கூடுகிறது; வடக்கே சரக்கு மட்டும் இறங்குகிறது. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856இல் புறப்பட்டது எங்கள் ராயபுரத்திலிருந்து. மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை வந்துசேர 2021 ஆயிற்று.

தெற்கே போகாமலும் நடத்தலாம் என்பதற்கு விழுப்புரம் சான்று. அங்குள்ள குனு லினக்ஸ் பயனர் குழு 2013 முதல் கிராமப்புற மாணவர்களை அழைத்துக் கட்டணமின்றி நிரலாக்கம் கற்பிக்கிறது. கற்றவர் அடுத்த அணிக்குக் கற்பிக்கிறார். பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் என்று ஒன்று நடந்தது. அங்கிருந்த சிறுவர்கள் ஜிம்ப் மென்பொருளில் வரைந்த ஓவியங்கள் கட்டற்ற மென்பொருள் வட்டாரத்தில் பேசப்பட்டவை. 'எனக்கு ஆங்கிலம் வராதே' என்போருக்கு 2012 முதல் கணியம் இருக்கிறது. நித்யா துரைசாமி மைஎஸ்கியூஎல் பற்றி எளிய தமிழில் எழுதிய நூலை எங்கள் அறையில் அச்செடுத்து நூலாகக் கட்டி வைத்திருக்கிறோம். அட்டை கிழிந்துவிட்டது. அது நல்ல அறிகுறி.

இன்னொரு பக்கத்திலிருந்தும் கேள்வி வருகிறது, அதுவும் எங்கள் இலக்கிய நண்பர்களிடமிருந்தே: கதை கவிதை பேசுகிற நீங்கள் ஏன் இந்தத் திருப்புளி வேலையில் இறங்கினீர்கள்? இவர்களுக்கு மறதி அதிகம். இருபது ஆண்டுகளுக்கு முன் திரையில் ஒரு தமிழ் வரியைப் படிப்பதற்கு நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? விண்டோஸ் எக்ஸ்பியில் வட்டார மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் சரிக்குறி இட வேண்டும்; இட்டவுடன் அது நிறுவல் வட்டைக் கேட்கும்; வட்டு யாரிடமும் இராது. செய்யாவிட்டால் கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறம், எழுத்து நடுவில். யாரோ ஒருவர் வீட்டுக்கு வட்டுடன் வந்து சரிசெய்து, முகுந்தின் எ-கலப்பையையும் நிறுவிவிட்டுப் போனார். காசு கேட்கவில்லை. இன்றைக்குத் தமிழில் தட்டச்சிடும் எழுத்தாளருள் பலர் அப்படியோர் உதவியில் பிறந்தவர்கள். அந்தக் கடனை யாரிடம் திருப்பித் தருவதாக உத்தேசம்?

எங்கள் சங்கம் குறையற்றது என்று சொல்லவரவில்லை. முதல் ஆண்டு கிட்டத்தட்ட பாழ். தெரிந்தவர் தெரியாதவரின் கையிலிருந்து சுட்டியைப் பிடுங்கி, பத்து நொடியில் சரிசெய்து, 'முடிஞ்சுது, எடுத்துட்டுப் போங்க' என்பார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அடுத்த வாரம் அதே பழுதோடு வருவார். இலவசக் கடை நடத்திக்கொண்டிருந்தோம், சங்கம் அன்று. பிறகுதான் 'உரியவர் கை மட்டுமே விசைப்பலகையில்' என்று விதி வைத்தோம். பிடுங்கிப் பழகிய இரண்டு வல்லுநர்கள் அவமானப்பட்டு விலகினார்கள். பெண்கள் வரவே இல்லை. ஏன் என்று நெடுநாள் தத்துவம் பேசிக்கொண்டிருந்தோம். கூட்டம் மாலை ஆறரைக்கு என்பதும், அந்தப் படிக்கட்டில் விளக்கில்லை என்பதும் எங்கள் ஆண்மூளைக்கு எட்டவில்லை. காலை பத்து மணிக்கு மாற்றிப் படிக்கட்டுக்கு ஒரு விளக்கும் போட்ட பிறகு வந்தார்கள். காசிமேட்டில் மீன் விற்பவர் ஒருவர் ஏலம் முடித்துக் கூடையுடனே வந்தபோது முகம் சுளித்தவர்களும் எங்களில் இருந்தார்கள். அதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

சரி, குளிர்பதன அறையும் சான்றிதழும் ஏன் வேண்டாம் என்றோம்? கட்டணம் வந்தால் ஆசிரியர் வருவார். ஆசிரியர் வந்தால், நேற்றுக் கற்ற அந்தத் தையற்கார அம்மா இன்று இன்னொருவருக்குச் சொல்லித்தரும் வாய்ப்புப் போய்விடும். அவர் அடுத்த ஞாயிறே மின்கலம் தீர்ந்த இன்னொரு கணினியைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது நண்பருக்குத் தெரியாது. அன்று அவர் முகத்தில் இருந்ததற்கு எந்த நிறுவனமும் சான்றிதழ் அச்சடிப்பதில்லை. புதிய கணினிகள் வந்தால் அவற்றுக்குப் பூட்டு வரும், பூட்டுக்கு ஒரு பொறுப்பாளர் வருவார், பழையதைக் கழற்றிப் பார்க்கும் துணிச்சல் அதோடு போகும். எங்கள் அறையின் பாடநூலே பழுதான கணினிகள்தாம்.

அவசரமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. ஓராண்டு நீட்டிப்பு என்று ஒன்று வைத்தார்கள்; அது தள்ளிப்போடுதலே. விண்டோஸ் 11க்குப் பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். அதாவது ஏறத்தாழ 2018க்கு முற்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரே நாளில் காலாவதி. விலையில்லா மடிக்கணினிகளில் பெரும்பகுதி இந்தக் கணக்கில்தான் விழுகிறது. பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகும். ராயபுரத்திலோ எண்ணூரிலோ புதிது வாங்க எத்தனை வீட்டால் இயலும்? அந்தக் கணினிக்கு 4 ஜிபி நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். 2 ஜிபி என்றால் லுபுண்டு. பழைய வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டால் பிள்ளைகள் புதிது என்று நம்பிவிடுகிறார்கள். லிப்ரே ஆபிஸ் உண்டு, தமிழ்99 விசைப்பலகை உண்டு. ஒரு கணினிக்கு இரண்டு மணி நேர வேலை. உரியவர் கையாலேயே செய்தால் நான்கு மணி நேரம். நாங்கள் நான்கு மணி நேரமே எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே நண்பரே, பத்துப் புதிய கணினிகளுக்கு நன்றி, வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் மாற்றிக் கழிக்கும் மடிக்கணினிகளுள் சிலவற்றை, உள்ளிருப்பவற்றை முறையாக அழித்துவிட்டு, விதிப்படி எழுத்து வாங்கிக்கொண்டு தர முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். மின்னேற்றிகளையும் சேர்த்துத் தர வேண்டும். சென்ற முறை வேறொருவர் மின்னேற்றி இல்லாமல் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மடிக்கணினிக்கான டிடிஆர்3 நினைவகம் கிடைத்தால் இன்னும் நல்லது. நீங்களும் ஒரு ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள். அன்று பாதியில் வைத்துப்போன தேநீரையும் குடித்து முடிக்கலாம். ஒரு நிபந்தனைதான், சுட்டியைத் தொடக்கூடாது.